தெரியாத அலைக்கு எந்த போர்டு? மலையிலிருந்து கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு

பண்டாரவளையில் இருந்துகொண்டு சர்ஃபிங் செய்கிறேன் என்று சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள். "எங்கடா, கிரகரி வாவியிலயா?" என்று என் மாமாவே கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை, நானே கடலை முதன்முதலில் பார்த்தது பதினேழு வயதில். பிறகு எல்லயிலிருந்து அறுகம்பேக்கு வெள்ளைக்காரர்களை வேனில் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, திரும்பி வர ஆள் சேரும்வரை இரண்டு நாள், மூன்று நாள் அங்கேயே சும்மா கிடந்ததில் தொற்றிக்கொண்டதுதான் இந்தப் பழக்கம். இப்போது ஹோட்டல் வேலைக்கு மாலைதீவு போகிற பையன்கள், பாலிக்கு ஊர் சுற்றப் போகிறவர்கள், லண்டனில் அக்கா வீட்டுக்குப் போன இடத்தில் கடலையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள், எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, எந்த போர்டு எடுக்கிறது?"

கேள்வியே தலைகீழ். எந்த அலை என்று தெரியாமல் எந்த போர்டு என்று எப்படிச் சொல்வது? கவ்வாத்து வெட்டப் போகிறவன் கையில் கொழுந்துக் கூடையைக் கொடுத்து அனுப்புகிற மாதிரி ஆகிவிடும். அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதே இல்லை. ஊரில் நீங்கள் பழகிய அலை உங்களுக்கு என்னென்ன சலுகை கொடுத்து வைத்திருந்தது? அந்தச் சலுகைகளை ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். மிச்சம் நிற்பதுதான் உங்கள் கையிருப்பு, வெளிநாட்டில் போர்டு எடுக்க வேண்டியது அந்த மிச்சத்துக்கு.

அறுகம்பேயில் மெயின் பாயின்ட் என்கிற முனை அலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அலை எப்போதும் வலப்பக்கமாகத்தான் ஓடும். உடைய ஆரம்பிக்கிற இடம் பெரிதாக மாறாது, எங்கே உட்காருவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கூட்டம் இருக்கிற இடம்தான் இடம். ஓடி முடித்தால் கரையேறி மணலில் நடந்தே முனைக்குத் திரும்பி வந்துவிடலாம், எதிர் அலையில் கை ஓயும்வரை பேடில் பண்ண, அதாவது போர்டில் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ள, வேண்டியதில்லை. தெற்கே ஆழ்கடலிலிருந்து வருகிற அலைவரிசை, ஸ்வெல் என்பார்கள், முனையைச் சுற்றி வளைந்து வருவதால் வரும்போதே கொஞ்சம் பலம் குறைந்து சாதுவாகிவிடுகிறது. தண்ணீர் 27, 28 பாகை, ஒரு அரைக்காற்சட்டை போதும். வற்றுப்பெருக்கு வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை, காலையில் இருந்த அலை மத்தியானமும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். வெலிகமவில் பழகியவர்களுக்குச் சலுகை இன்னும் தாராளம்: மணல் தரை, விழுந்தால் எழுந்து நிற்கலாம், எந்த போர்டை எடுத்தாலும் ஒரு அலையாவது கிடைத்துவிடும்.

நான் முதல் தடவை பாலிக்குப் போனபோது இந்தக் கழித்தல் கணக்கைப் போடவில்லை. அறுகம்பேயில் எனக்குக் கச்சிதமாக இருந்த 6 அடி ஷோர்ட்போர்டு, 28 லீற்றர், அதையே பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். போனதோ மார்ச் முடிவில், அதற்கு முன்னால் ஐந்து மாதம் கடல் பக்கமே போகவில்லை, எல்லப் பக்கம் சீசன், வேனை விட்டு இறங்க நேரமில்லை. அங்கே போய்ச் சேர்ந்த அலை இடப்பக்கம் ஓடுவது, எனக்கு முதுகு அலைப்பக்கம். தரை முருகைக்கல். மூன்று நாள், நாளுக்கு இரண்டு தடவை இறங்கி, மொத்தமாக நான்கு அலை பிடித்திருப்பேன், அதிலும் இரண்டில் எழும்பியவுடனேயே விழுந்தேன். நாலாம் நாள் வெட்கத்தை விட்டு ஒரு 7 அடி போர்டை வாடகைக்கு எடுத்தேன். அன்று காலை ஒன்றரை மணி நேரத்தில் பிடித்தது பதினொன்று. அதே ஆள், அதே அலை.

சரி, எங்கே போகிறீர்கள் என்று முடிவானதும் அந்த அலையைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

முதலில் தரை. மணலா, முருகைக்கல்லா, உருண்டைக் கல் போட்ட முனையா. இது காலில் குத்துமா குத்தாதா என்பதற்காக மட்டும் இல்லை, அலையின் குணத்தையே தீர்மானிப்பது தரைதான். ஓர் அலை தன் உயரத்தைவிடச் சற்று அதிகமான ஆழத்துக்கு வந்ததும் உடையும், கணக்காகச் சொன்னால் ஆழம் அலை உயரத்தைப் போல 1.3 மடங்கு ஆகும் இடத்தில். தரை சிறுகச் சிறுக மேடாகிக்கொண்டு வந்தால் அலை மேலிருந்து நுரையாக வழிந்து இறங்கும், உங்களுக்கு எழும்ப நேரம் கிடைக்கும். ஆழத்திலிருந்து திடீரென்று பாறை மேடு வந்தால் அலை நிமிர்ந்து, முன்னால் குப்புற விழும், உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம் விடும். முதலாவது வகைக்கு நீளமும் தட்டையும் உள்ள போர்டு சொர்க்கம். இரண்டாவது வகையில் அதே போர்டின் மூக்கு தண்ணீரில் குத்தி உங்களைத் தலைக்கு மேலே தூக்கி எறியும்.

வேன் ஓட்டுகிறவன் என்பதால் எனக்கு இது இப்படித்தான் புரிகிறது: மொனராகலைப் பக்கத்து நேர் ரோட்டில் நீளமான லொறி சுகமாக ஓடும், அதே லொறியை ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்குகிற வளைவுகளில் திருப்பிப் பாருங்கள். நிமிர்ந்த அலை என்பது கொண்டை ஊசி வளைவு. அங்கே குட்டையும் வளைவும் உள்ளதுதான் திரும்பும்.

பாலியிலேயே எல்லா வகையும் உண்டு, அதனால் "பாலிக்கு எந்த போர்டு" என்று கேட்டால் பதில் கிடையாது. கூட்டா கடற்கரை மணல், சின்ன நாட்களில் பழகுகிறவர்களுக்கு நல்லது. சங்குவில் பத்து பொலோங் என்கிற இடம் மெதுவான அலை, லோங்போர்டுக்காரர்கள் நிறைய. மெதேவி கல் முனையில் நீளமாக இடப்பக்கம் ஓடுகிற சாதுவான அலை, அறுகம்பேயைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருக்கும். உளுவத்து முருகைக்கல் மேல் உடைகிற இடப்பக்க அலை, குகை வழியாகத்தான் இறங்க வேண்டும், அங்கே போவதற்கு நீங்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கிற நிலையைத் தாண்டியிருக்க வேண்டும். மாலைதீவில் துலுஸ்தூ தீவுக்குப் போனால் கொக்கா கோலா தொழிற்சாலைப் பக்கமாக உடைகிற கோக்ஸ் வலப்பக்கம், எதிர்ப்பக்கத்தில் சிக்கன்ஸ் இடப்பக்கம், இரண்டுமே முருகைக்கல்தான், ஆனால் கோக்ஸ் வேகமும் முரடும் கூடியது. ஒரே தீவில் தங்கி இரண்டு அலைக்கும் ஒரே போர்டை எடுத்துப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, வலமா இடமா. அறுகம்பேயில் மட்டும் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயம், இடது காலை முன்னால் வைத்து நிற்கிறவர் என்றால் வாழ்நாள் முழுக்க அலையை முகத்துக்கு நேரே பார்த்தே ஓட்டியிருப்பார். இடப்பக்க அலையில் அவருக்கு முதுகுதான் அலையைப் பார்க்கும். அந்த நாட்களில் கொஞ்சம் அகலமான, கொஞ்சம் மன்னிக்கிற போர்டு இருந்தால் நல்லது. வலது காலை முன்னால் வைப்பவர்களுக்கு மாறாக அங்கே போனால்தான் கொண்டாட்டம்.

மூன்றாவது, முன்னறிவிப்பு எண்கள். கைபேசியில் 1.5 மீற்றர் என்று பார்த்துவிட்டு "அறுகம்பேயில நான் இதில விளையாடியிருக்கிறேனே" என்று நினைக்காதீர்கள். அறுகம்பேக்கு அந்த ஸ்வெல் வளைந்து, இளைத்து வருகிறது என்று மேலே சொன்னேனே, நேராகத் தென் சமுத்திரத்தைப் பார்த்து நிற்கிற கரையில் அதே 1.5 முழு எடையோடு வந்து விழும். உயரத்துக்குப் பக்கத்தில் செக்கன்களில் இன்னொரு எண் இருக்கும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் உள்ள நேரம். எல்லாரும் தவற விடுவது இதைத்தான். ஆழ்கடலில் ஒரு மீற்றர் உயரத்தில் 8 செக்கனில் வருவதைவிட அதே ஒரு மீற்றர் 16 செக்கனில் வருவதற்கு இரண்டு மடங்கு பலம். கரைக்கு வரும்போது அது இன்னும் உயரமாகவும் எழும்பும். 8, 9 செக்கன் என்றால் நோஞ்சான் அலை, உங்களைத் தள்ளாது, அகலமும் மிதப்பும் உள்ள போர்டு எடுங்கள். 14க்கு மேல் என்றால் அலையே தள்ளிவிடும், ஆனால் வேகமாக வரும், முன்கூட்டியே பேடில் பண்ணத் தொடங்கக்கூடிய நீளமும் நழுவாமல் பிடிக்கிற ஒடுங்கிய வாலும் தேவை.

அப்புறம் வற்றுப்பெருக்கு. நமக்கு இது பழக்கமே இல்லாத சங்கதி. போர்த்துக்கலில் பெரிய பெருக்கு நாட்களில் மூன்று மீற்றருக்கு மேல் தண்ணீர் ஏறி இறங்கும், இங்கிலாந்தின் கோர்ன்வாலில் நியூகே பக்கம் ஆறு மீற்றரையும் தாண்டும், அதாவது இரண்டு மாடி வீட்டு உயரம். காலையில் வற்றும்போது குப்புற விழுகிற அலை மத்தியானம் பெருக்கில் கொழுத்துச் சோம்பேறியாகிவிடும், ஒரே கடற்கரை, ஒரே நாள், இரண்டு வேறு போர்டு கேட்கும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அந்த போர்டுக்கு ஒத்துவருகிற மணித்தியாலத்தில் இறங்குங்கள், மற்ற நேரம் தேத்தண்ணி குடியுங்கள்.

அலை போதும், இனி உங்கள் உடம்பு. போர்டின் அடிப்பக்கத்தில், நடுவில் ஓடுகிற மரச் சட்டத்துக்குப் பக்கத்தில் எண்கள் எழுதியிருக்கும்: நீளம் அடியில், அகலமும் தடிப்பும் அங்குலத்தில், கடைசியில் லீற்றர். அந்த லீற்றர்தான் மிதப்பு. புதிதாகப் பழகுகிறவர் என்றால் உடம்பு எத்தனை கிலோவோ அத்தனை லீற்றர், அதற்கு மேலே போனாலும் கெடுதல் இல்லை, 8 அடி ஸ்பொஞ்ச் போர்டுகள் எல்லாம் அந்தக் கணக்குத்தான். நுரை இல்லாத அலையைத் தானே பிடித்து, பக்கவாட்டில் ஓட்டி, ஓரளவு திருப்பவும் தெரிந்தவர் என்றால் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 65 கிலோ ஆளுக்கு 35 முதல் 40 வரை. வாரம் நான்கு நாள் கடலில் இருக்கிற கெட்டிக்காரர்கள் அதே எடைக்கு 25 லீற்றரில் ஓட்டுவார்கள்.

இங்கேதான் மலைநாட்டுக்காரர் ஏமாறுவது. பொத்துவில் பையன் ஒருவன் 26 லீற்றரில் ஓட்டுகிறான், அவனும் நானும் ஒரே நாளில்தான் பழக ஆரம்பித்தோம், ஆகவே எனக்கும் 26 என்று எடுத்தால் என்ன ஆகும்? அவன் வீட்டிலிருந்து கடல் ஐந்து நிமிடம். எனக்குக் கடல் 130 கிலோமீற்றர். வருஷத்தில் நான் கடலில் இருப்பது எண்ணிப் பார்த்தால் முப்பது, நாற்பது நாள். மலை ஏறி இறங்கி நமக்குக் காலில் பலம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பேடில் பண்ணுவது தோளும் முதுகும். அதனால் என் கணக்கு இது: திறமைக்கு வருகிற லீற்றரோடு, கடைசியாகக் கடலில் இறங்கி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் மூன்று முதல் ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள். குளிர்நாடு என்றால் வெட்சூட் என்கிற ரப்பர் உடுப்பு நனைந்த பாரத்துக்கு இன்னும் இரண்டு. யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

அதற்காகக் கண்டபடி ஏற்றவும் கூடாது. 40 லீற்றருக்கு மேலே போனால் வருகிற அலைக்கு அடியில் போர்டை அமுக்கிக்கொண்டு முங்குவது ஏறக்குறைய முடியாது, உருண்டு கவிழ்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். ஆழமான பாதை வழியாகச் சுற்றிப் போகக்கூடிய முனை அலையில் அது பிரச்சினை இல்லை. நேராக நுரையைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டும் என்கிற மணல் கடற்கரையில், அலை பெரிதான நாளில், அது பெரும் பிரச்சினை.

வாங்கும் முன் ஏறிப் பார்க்கிறேன் என்று வாவியிலோ ஹோட்டல் நீச்சல் குளத்திலோ போர்டைப் போட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. நன்னீர் உப்புநீரைவிட நூற்றுக்கு இரண்டரை அளவு இலேசு, ஆகவே போர்டு கொஞ்சம் கூடுதலாக அமிழும், அது சின்ன வித்தியாசம். அசையாத தண்ணீர் வேறு எதையுமே சொல்லாது என்பதுதான் பெரிய குறை.

வடிவத்தில் நான் பார்ப்பது முக்கியமாக வளைவை. போர்டை வயிறு கீழே இருக்கும்படி சீமெந்துத் தரையில் வையுங்கள், குந்தி உட்கார்ந்து பக்கவாட்டில் பாருங்கள். நடு தரையைத் தொடும், மூக்கு மேலே தூக்கி நிற்கும். அந்த இடைவெளிக்குள் கையைக் குத்தாக மடித்து விட்டுப் பாருங்கள். குத்து இறுக்கமாக நுழைந்தால் தட்டையான போர்டு, மேலேயும் இடம் விட்டுத் தாராளமாக நுழைந்தால் வளைவு கூடியது. வித்தியாசம் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான், ஆனால் அதிலேதான் முழுக் கதையும். தட்டையானது சீக்கிரம் வழுக்கிக்கொண்டு கிளம்பும், நோஞ்சான் அலைக்கும் கொழுத்த அலைக்கும் அதுதான். வளைந்தது கிளம்ப மெதுவாக இருந்தாலும் நிமிர்ந்த அலையின் குழிவுக்குள் பொருந்தி இறங்கும்.

வால் விஷயம் சுருக்கமாக: அகன்ற வால், மீன் வால் எல்லாம் சின்ன அலையில் வேகம் தரும். கூரான வாலும் உருண்டை வாலும் பெரிய அலையில் நழுவாமல் பிடிக்கும். போர்டின் அடியில் வால் பக்கம் மீன் செட்டை போல நிற்கிற துடுப்பு ஒன்றா இரண்டா மூன்றா நான்கா என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், பழகுகிற காலத்தில் மூன்றே போதும், 1980களின் தொடக்கத்தில் சைமன் அன்டர்சன் என்ற அவுஸ்திரேலியர் மூன்று துடுப்பைப் பிரபலமாக்கியதிலிருந்து பெரும்பாலான ஷோர்ட்போர்டுகள் அதில்தான் ஓடுகின்றன.

ஒரே ஒரு போர்டுதான், எந்த அலை என்றும் சரியாகத் தெரியாது என்று அடம் பிடிப்பவர்களுக்கு என் பதில்: 6 அடி 8 அங்குலத்திலிருந்து 7 அடிக்குள், உருண்டை வால், 40 லீற்றர் சொச்சம். கண்ணைக் கவராது, படம் எடுத்துப் போட்டால் ஒருவரும் லைக் போட மாட்டார்கள். ஆனால் சின்ன நாளிலும் அலை பிடிக்கும், தலை உயர நாளிலும் கைவிடாது.

கொண்டு போவதா, போன இடத்தில் வாடகைக்கு எடுப்பதா? இன்னும் ஸ்பொஞ்ச் போர்டில் இருக்கிறவர்கள் தயவுசெய்து கொண்டு போகாதீர்கள், எல்லா ஊரிலும் அது கிடைக்கும், 8 அடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பண்டாரவளையிலிருந்து கட்டுநாயக்க போவதே ஒரு தண்டனை. லோங்போர்டுக்காரர்களும் முதலில் விமானத்தின் நீள வரம்பைப் பாருங்கள், 9 அடி என்றால் 274 சென்ரிமீற்றர், அதை ஏற்றவே மாட்டோம் என்கிற விமானங்கள் உண்டு, பெரிய விமானத்தில் ஏற்றி, இடையில் மாறுகிற சின்ன விமானத்தில் மறுப்பதும் உண்டு. விதியைத் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். உடம்புக்குப் பழகிய நடுத்தர அளவு போர்டு ஒன்று இருக்கிறது, இரண்டு வாரத்துக்கு மேல் தங்குகிறீர்கள் என்றால் கொண்டு போவது இலாபம். சின்னத் தீவுகளில் வாடகைக்குக் கிடைப்பது குறைவு என்பதால் மாலைதீவுக்கும் கொண்டு போகத்தான் சொல்வேன்.

வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால் ஒரு பத்து நிமிடம் செலவழியுங்கள், அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். பெருவிரலால் மேல்பக்கம் முழுக்க அழுத்திக்கொண்டே வாருங்கள், குறிப்பாக முன்கால், பின்கால் நிற்கிற இடங்களில். பழுத்த பப்பாசி மாதிரி எங்காவது அமுங்கினால் மேல்தோல் உள்ளே இருக்கிற நுரையை விட்டுக் கழன்றிருக்கிறது, எடுக்காதீர்கள். பிறகு வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, குறுக்காக மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறதா என்று பாருங்கள், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போகிற கோடு என்றால் அது ஒரு தடவை மடங்கிய போர்டு, நல்ல அலை ஒன்றில் இரண்டாக உடையும், காசு உங்களிடம்தான் கேட்பார்கள். மஞ்சளாக, பழுப்பாகக் கறை படிந்த இடம் தண்ணீர் குடித்த இடம். துடுப்புகளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அவை மாட்டியிருக்கிற பெட்டியோடு சேர்ந்து ஆடக்கூடாது. போர்டைக் காலோடு கட்டுகிற கயிற்றை முழு நீளத்துக்கும் விரலுக்கிடையில் விட்டு உருவிப் பாருங்கள், வெட்டு இருந்தால் நகத்தில் தட்டும். கயிறு ஏறக்குறைய போர்டு நீளம் இருக்க வேண்டும்.

எல்லாம் சரி என்றால் கடைக்காரர் முன்னாலேயே, இருக்கிற காயங்களையெல்லாம் படம் பிடியுங்கள், உடைந்தால் எவ்வளவு என்பதையும் அப்போதே பேசுங்கள். நான் ஒரு தடவை பேசாமல் எடுத்து, திரும்பக் கொடுக்கும்போது ஏற்கனவே இருந்த ஒரு வெடிப்புக்கு மூன்று நாள் சாப்பாட்டுக் காசைக் கட்டிவிட்டு வந்தேன். எந்த ஊர், எந்தக் கடை என்று கேட்காதீர்கள், படம் எடுக்காதது என் பிழை.

அறுகம்பேயில் எனக்கு முதலில் போர்டு தந்த நானா ஒருவர் இருந்தார். யார் வந்து கேட்டாலும் உடனே போர்டைக் காட்ட மாட்டார். "தம்பி, முதல்ல போய் அரை மணித்தியாலம் குந்தி அலையைப் பாத்துட்டு வாங்க, வந்து என்ன பாத்தீங்க எண்டு சொல்லுங்க, அப்புறம் போர்டு பாப்பம்" என்பார். வியாபாரம் போகும் என்று பயப்படாதவர். எந்த நாட்டுக்குப் போனாலும் நான் செய்வது அதுதான். கரையில் உட்கார்ந்து, பெரிய அலைகள் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை கூட்டமாக வருகின்றன, அதிகமாகப் பிடிப்பவர் யார், அவர் காலடியில் இருப்பது எவ்வளவு நீளம் என்று பார்ப்பேன். அங்கேயே பிறந்து வளர்ந்த பையனின் போர்டைப் பார்த்து எடுக்காதீர்கள், அவன் கதவுப் பலகையிலும் ஓட்டுவான். உங்களைப் போலவே தடுமாறுகிற, ஆனாலும் அலை கிடைக்கிற ஒருவர் இருப்பார், அவருடையதைப் பாருங்கள்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மலையில் பிறந்த நம்மில் பலர் சின்ன வயதில் நீந்தப் பழகியதில்லை, போர்டு மிதக்கிறதே என்ற தைரியத்தில் இறங்குகிறோம். கயிறு அறும். கட்டாயம் ஒரு நாள் அறும். அப்போது போர்டு இல்லாமல் அந்த இடத்திலிருந்து கரைக்கு நீந்தி வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அந்த அலைக்கு உங்களுக்குப் பொருத்தமான போர்டு எதுவும் கிடையாது.

சில்லறைச் சாமான்களுக்கு வருவோம். துடுப்பு மாட்டுவதில் பிரதானமாக இரண்டு முறைகள், எஃப்சிஎஸ், ஃபியூச்சர்ஸ், ஒன்றின் துடுப்பு மற்றதில் ஏறாது. உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு உதிரியாக ஒரு செட், நாலு திருகாணி, அந்தச் சின்ன ஆறுமூலைச் சாவி, இவற்றைத் துணிப் பையில் போடுங்கள், தீவில் இரவு எட்டு மணிக்கு அந்தச் சாவியைத் தேடி அலைந்தவன் சொல்கிறேன். வழுக்காமல் இருக்க போர்டின் மேல்பக்கம் பூசுகிற மெழுகு தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது, நம் ஊர் வெப்பமண்டல மெழுகு போர்த்துக்கல் தண்ணீரில் கல்லாகி வழுக்கும், அங்கேயுள்ள குளிர்நீர் மெழுகு இங்கே நெய்யாக உருகும். போகிற இடத்தில் வாங்குங்கள். முருகைக்கல் என்றால் ரப்பர் சப்பாத்து, கடல் முள்ளெலியை ஒரு தடவை மிதித்தால் அந்தப் பயணம் அத்தோடு சரி.

ஒட்டுகிற சாமான் எடுத்துப் போகிறவர்கள் போர்டின் உள்நுரை எதுவென்று பாருங்கள். பழைய பாணிப் பொலியூரித்தேன் என்றால் பொலியெஸ்டர் பசையும் போடலாம், எப்பொக்சியும் போடலாம். ஈபிஎஸ் என்கிற வெள்ளை ரெஜிஃபோம் வகை என்றால் பொலியெஸ்டரைத் தொடவே கூடாது, நுரையைக் கரைத்துப் பள்ளம் விழுத்திவிடும். குழப்பம் வேண்டாம் என்றால் எப்பொக்சி மட்டும் வைத்திருங்கள், இரண்டுக்கும் பிடிக்கும்.

கட்டும்போது துடுப்புகளைக் கழற்றி, மூக்குக்கும் வாலுக்கும் விளிம்புகளுக்கும் ஸ்பொஞ்ச் வைத்து, அதற்கு மேல் உரச் சாக்கை வெட்டிச் சுற்றி நான் கட்டுவேன், எங்கள் வீட்டில் உரச் சாக்குக்குப் பஞ்சமில்லை. மலையிலிருந்து இறங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பண்டாரவளையில் குளிரக் குளிர பஸ் கூரையில், வேன் கூரையில் கட்டுகிறோம், வெல்லவாயவுக்கு வந்தால் அனல். ஈபிஎஸ் போர்டுக்குள் அடைபட்ட காற்று சூட்டில் விரியும், தோல் கழன்று கொப்புளம் எழும்பும். வெள்ளைத் துணியால் மூடுங்கள், நிறுத்தினால் நிழலில் நிறுத்துங்கள். சில ஈபிஎஸ் போர்டுகளில் காற்று போக ஒரு சின்னத் திருகாணி மூடி இருக்கும், விமானத்தில் ஏற்றும் முன் அதைத் தளர்த்த வேண்டும், கடலில் இறங்கும் முன் மறக்காமல் இறுக்க வேண்டும். மலைக்குத் திரும்பி வருகிற நமக்கு விமானம் இல்லாவிட்டாலும் அந்த மூடி வேலை உண்டு, பொத்துவில் கடல் மட்டம், பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலே.

திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காயங்களைக் காய வைத்து ஒட்டுங்கள், ஈரத்தோடு ஒட்டினால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். வெயிலில் இறுகுகிற பசையை நம் பக்கத்து மூடுபனியில் பூசினால் சீக்கிரம் இறுகாது, பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். என்னுடையது பத்து நாள் திண்ணையில் கிடந்தது. வெயில் வந்த அன்று நான் எல்லக்கு வேனோடு போயிருந்தேன், சாயந்தரம் வந்து பார்த்தால் பசை நன்றாக இறுகியிருக்கிறது, போர்டு முழுக்க அம்மா செத்தல் மிளகாய் காயப்போட்டிருக்கிறார். மெழுகில் ஒட்டிய மிளகாய் விதைகளைச் சுரண்டி எடுக்க இரண்டு மணித்தியாலம் ஆனது, அதிலும் ஒன்றிரண்டு விதை தப்பி நின்றதை அடுத்த மாதம் நெஞ்சை வைத்துப் படுத்து பேடில் பண்ணும்போதுதான் கண்டுபிடித்தேன். மெழுகை முதலிலேயே சுரண்டிவிட்டுக் காயப் போடுங்கள்.